முட்டையில் வளர்ந்த மருந்து

அக்டோபர் 9, வியாழன்

இல்லை, போடாதே என்று நான் சொல்லவில்லை. பார்ப்போம் என்றுதான் சொன்னேன்.

டாக்டரம்மா தெளிவாகத்தான் பேசினார். அக்காவுக்கு இருபத்தாறு வாரம் ஆகிவிட்டது, மழைக்காலம் வருகிறது, ஃப்ளூ ஊசி ஒன்று போட்டுவிடலாம், தாய்க்கும் காவல், பிள்ளைக்கும் காவல். அக்கா என்னைப் பார்த்தாள். அம்மாவும் என்னைத்தான் பார்த்தாள். நான் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் கருப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு மாதிரி திறந்து மூடும்படி செய்திருந்தார்கள். உள்ளே ரப்பரில் ஒரு பிள்ளை, தலைகீழாக.

ஆட்டோவில் அக்கா கேட்டாள்.

"நீ சொல்லு வடிவு. நீ சரின்னா போடுதேன்."

"பாப்போம்."

"என்னத்தப் பாக்க?"

"படிச்சுப் பாக்கேன்."

என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மகராஜநகரில் வீடு வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

வளைகாப்பு முடிந்துதான் தாய்வீட்டுக்கு வருவது வழக்கம். அத்தானுக்கு ஓசூரில் ஷிப்ட் மாறி மாறி வருகிறது. தனியே கிடக்கவேண்டாம் என்று சங்கரி அக்கா முன்கூட்டியே வந்துவிட்டாள். நான் அவளுக்கும் முன்னால், ஜூலையிலேயே வந்தேன். ஐதராபாத்தில் ஆய்வுக்கு ஆறு மாதம் விடுப்பு. வீட்டில் அப்படித்தான் தெரியும்.

அக்டோபர் 10, வெள்ளி

பதினேழு கட்டுரைகள்.

பிள்ளை வளர வளர நுரையீரலுக்கு இடம் குறைகிறது. இதயத்துக்கு வேலை கூடுகிறது. தனக்குள் வளரும் வேறொரு உயிரைத் தள்ளிவிடாமல் இருக்க உடம்பு தன் காவலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறது. அந்தத் தளர்வின் வழியாகக் காய்ச்சல் உள்ளே வருகிறது.

கடைசி வரியை இரண்டு தடவை திருத்தி எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. இதை எழுதும்போது அடுத்த அறையில் அக்கா இருக்கிறாள் என்பது மறந்துபோயிருந்தது.

ஊசியால் கெடுதல் என்று எதிலும் இல்லை. போடாமல் விட்டதால் ஆனவை நிறைய இருக்கின்றன. எண்களாக இருக்கின்றன.

அப்படியானால் சொல்லிவிட வேண்டியதுதானே. சொன்னால், பிறகு எது நடந்தாலும் நான் சொன்னதால் நடந்தது என்று ஆகும்.

மாலையில் தேங்காய் துருவிக் கொடுத்தேன். விரலில் கீறல்.

அக்டோபர் 12, ஞாயிறு

சாப்பாட்டு நேரத்தில் அம்மா சும்மாதான் கேட்டாள். "அந்த ஊசில என்னட்டி இருக்கும்?"

நானும் சும்மாதான் சொன்னேன். கிருமியைக் கோழி முட்டைக்குள் விட்டு வளர்த்து, எடுத்து, கொன்று, சுத்தம் பண்ணி.

அவியல் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்ன முட்டை?"

"கோழி முட்ட."

"அத எம் பிள்ள ஒடம்புக்குள்ள ஏத்தவா?"

அப்பா இலையிலிருந்து நிமிராமல், "மருந்துன்னு ஆயிட்டா பெறகு முட்டை என்ன, மண்ணு என்ன சிவகாமி" என்றார்.

"நீங்க பேசாதீங்க. முட்ட சேத்திருப்பான்னு முப்பது வருசமா ஆபீஸ்ல ஒரு துண்டு கேக் வாயில வைக்காத ஆளு."

"அது ருசிக்குத் திங்கது. இது உசுருக்கு."

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதம்மா. பிள்ள பொறந்து கூவுச்சுன்னா அப்பம் பாத்துக்கிடலாம்" என்றாள்.

அம்மா சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தென்காசிக்குப் போன் போட்டாள், அக்காவின் மாமியாருக்கு. "ஊசி ஒண்ணு போடச் சொல்லுதாவ மைனி" என்று மட்டும் சொன்னாள். முட்டையைப் பற்றிப் பேச்சில்லை. அந்தப் பக்கத்துக் குரல் கூடத்துக்கே கேட்டது. கையில் வளையல் ஏறுவதற்கு முன்னால் உடம்பில் ஊசி ஏற வேண்டாம். ஐப்பசி பதினாலில்தானே வளைகாப்பு. முடியட்டும், பிறகு எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்.

அக்டோபர் 14

மழை. ஒன்றும் எழுதவில்லை, ஒன்றும் படிக்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

பால் கொண்டுவரும் இசக்கியம்மாள் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லையாம். இருமல், காய்ச்சல், ஒரே மாதிரி. "மழைக் காய்ச்சல்தான் தாயி, வருசா வருசம் உள்ளது" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையில் தும்மினாள். பால் தூக்கை நான் வாங்கிக்கொண்டேன். அக்கா உள்ளே இருந்தாள்.

குடையோடு மருந்துக்கடைக்குப் போனேன். ஃப்ளூ ஊசி இருக்கிறதா என்று கேட்பதற்கு மட்டும்.

"மூணுதான் கெடக்கு. ரெண்டு வாரம் கழிச்சு வந்து கேட்டீங்கன்னா இருக்குமான்னு சொல்ல முடியாது."

வாங்கிவிட்டேன். போடுவதா வேண்டாமா என்று யாரும் முடிவு செய்யவில்லை. ஆனால் வாங்கியாகிவிட்டது. சில முடிவுகள் அப்படித்தான் நடக்கும்போல, ஆள் இல்லாமல். கடைக்காரர் தெர்மாகோல் டப்பாவில் இரண்டு ஐஸ் பை வைத்து, நடுவில் ஊசிப் பெட்டியைச் செருகித் தந்தார். "குளுமை போயிரக் கூடாது பாத்துக்கிடுங்க." வழியெல்லாம் அதைப் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா குளிர்பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"அங்கன வைக்காத."

"எங்கன வைக்க?"

"தயிரு இருக்கு. பூசைக்குப் பால் இருக்கு. முட்ட மருந்த அதோட சேத்து வைக்கவா? அவ போடணும்னா போடட்டும், நான் தடுக்கல. ஆனா என் தயிரோட வேண்டாம்."

"கெட்டுப்போகும்மா வெளிய வச்சா."

"அந்தா மேல இருக்குல்லா. அது தனிக் கதவுதான. ஒண்ணும் வைக்கதில்ல நாம."

உண்மைதான். எங்கள் வீட்டில் ஃப்ரீசருக்கு வேலையே கிடையாது. மீன் இல்லை, கறி இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டு மட்டும் உள்ளே இருக்கிறது. பெட்டியை அதன்மேல் வைத்துச் சிறு கதவைச் சாத்தினேன். இன்னும் அதிகக் குளிர், இன்னும் பத்திரம். அம்மாவுக்கும் மருந்துக்கும் ஒரே சமயத்தில் நியாயம் செய்துவிட்டதாக எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அக்காவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். முதுகின் நடுவில் கை வைத்தால் அவள் மூச்சு எங்கே வரை இறங்குகிறது என்று தெரிகிறது. முன்பைவிட மேலேயே நின்றுவிடுகிறது.

அக்டோபர் 31, வெள்ளி

வளைகாப்பு. காலையிலிருந்து நாற்பது பேர். ஜன்னல்கள் மழைக்காக அடைத்திருந்தன. சந்தனம், ஈரப் பட்டு, ஆட்களின் மூச்சு. ஒவ்வொருத்தியாக வந்து அக்காவின் கன்னத்தைத் தொட்டார்கள், வளையல் போட்டார்கள், முகத்தோடு முகம் வைத்துப் பேசினார்கள். யாரோ ஒருத்தி தன் கைக்குழந்தையை அவள் மடியில் வைத்தாள். அது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அக்கா தன் புதுச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

நான் தள்ளி நின்று பார்த்தேன். எண்ணினேன். இருமியவர்கள் ஆறு பேர்.

கிளம்பும்போது தென்காசி அத்தை சொன்னாள், "இனிமே போட்டுக்கிடட்டும் அந்த ஊசிய. வடிவு, நீதான பாத்துக்கிடுத?"

"ஆமா அத்தை."

நவம்பர் 1, சனி

பியூலா சிஸ்டரைத் திங்கட்கிழமை வரச் சொல்லலாம் என்று பெட்டியை வெளியே எடுத்தேன்.

உள்ளே மருந்து கொஞ்சம் இறுகியிருந்தது.

பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது: இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்கவும். உறைய விடக் கூடாது. உறைந்துபோயிருந்தால் பயன்படுத்தாமல் எறிந்துவிடவும்.

மொத்தம் முப்பத்தொரு கட்டுரைகள் படித்திருந்தேன்.

அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். ஊசியை என் அறை மேஜையில் வைத்தேன். அரை மணி நேரத்தில் தண்ணீராகிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெளிவாகத்தான் தெரிந்தது. முதலில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, அதனால் ஒப்பிட முடியவில்லை.

மருந்துக்கடைக்குப் போனேன். "தீந்துபோச்சே. அன்னைக்கே வாங்கிட்டீங்கள்லா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு இருமல் இல்லை.

அம்மா வருவதற்குள் பெட்டியைக் குளிர்பெட்டியின் கதவுத் தட்டில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் வைத்தேன். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள்.

நாளை சொல்லிவிடலாம்.

நவம்பர் 2

சொல்லவில்லை. அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு, "வருசக் கடைசில ஐதராபாத் போகணுமா, இல்ல பிள்ள பொறந்து போதியா?" என்று கேட்டார். பிறந்து போகிறேன் என்றேன். அப்படியே பேச்சு முடிந்தது.

நவம்பர் 3, திங்கள்

பியூலா சிஸ்டர் மூன்று வீடு தள்ளி இருக்கிறவர். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோர் இடுப்பிலும் அவர் ஊசி குத்தியிருக்கிறார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடிக்கொண்டே வந்தார்.

"எங்க நம்ம ராணியம்மா? ரெண்டு கைலயும் இவ்வளவு வளையலா? நான் எங்க குத்தட்டும், கழுத்துலயா?"

"மெதுவா குத்துங்க சிஸ்டர். வலிச்சா உங்க பேரத்தான் பிள்ளைக்கு வைப்பேன்" என்றாள் அக்கா.

"வையேன். பியூலா பிள்ளைன்னு கூப்பிடுங்க. உங்க அம்மாவுக்கு மயக்கம் வந்துரும்."

அம்மாகூடச் சிரித்தாள்.

நான் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். சிஸ்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தேதியைப் பார்த்தார்.

"ஃப்ரிட்ஜிலதான இருந்துச்சு?"

"அவதான் வாங்கினதுலேந்து பாத்துக்கிட்டா" என்றாள் அம்மா. "படிச்சவல்லா. எனக்கு அதெல்லாம் தெரியாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்வையில் சந்தேகம் இல்லை. பதிலுக்காகப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

"ஆமா" என்றேன்.

ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. அது பொய் இல்லை.

ஊசி இறங்க நான்கு விநாடி ஆனது. அக்கா, "அவ்வளவுதானா?" என்றாள். சிஸ்டருக்குக் காபி. பிறகு அம்மா அக்காவைத் தலைக்குக் குளிக்கச் சொன்னாள். முட்டைக்காக.

நவம்பர் 4, செவ்வாய்

உறைந்த ஊசியால் ஆபத்து என்று எங்கும் இல்லை. வேலை செய்யாது என்றுதான் இருக்கிறது. எனவே அக்காவுக்கு எதுவும் நடக்கவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் எப்படி இருந்தாளோ அப்படியே இருக்கிறாள்.

இதைப் பலமுறை எழுதிப் பார்த்தேன். தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

ஆனால் முன்பு அவள் பயந்துகொண்டிருந்தாள். இப்போது பயம் இல்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல். என் பதிவு ஜூன் மாதமே ரத்தானதால் நூலக அட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். பதில் எழுதவில்லை. ஜூலையில் ரயிலை விட்டு இறங்கியபோது, "லீவா?" என்று அப்பா கேட்டார். அன்றைக்கும் ஒரு சொல்தான் சொன்னேன். அதே 'ஆமா'.

நவம்பர் 7, வெள்ளி

ஜங்ஷன் பக்கம் போனேன். பாலத்துக்கு அருகே ஒரு பெரிய மருந்துக்கடையில் ஒரே ஒரு ஊசி இருந்தது.

கையில் வாங்கிப் பெட்டியின் நான்கு பக்கமும் படித்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கொண்டுபோனால், "எதுக்கு ரெண்டாவது?" என்று அம்மா கேட்பாள். பியூலா சிஸ்டர் கேட்பார். அக்கா கேட்கமாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். ஊசி கெட்டுப்போயிருந்தது என்று மட்டும் சொன்னால் போதுமா? எப்போது தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அன்றைக்கே தெரியும் என்று நான் சொல்ல வேண்டும். தெரிந்துதான் பெட்டியை நீட்டினேன் என்று.

கடைக்கு மேலே மாடியில் கிளினிக் இருந்தது. கூட்டம் இல்லை.

கர்ப்பிணியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களும் போட்டுக்கொள்வது கர்ப்பிணிக்கே பாதுகாப்பு. பல கட்டுரைகளில் இருக்கிறது. என் வழியாக அவளுக்கு எதுவும் வராது.

இடது கை வலிக்கிறது. முழுக்கை ரவிக்கை போட்டிருக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

அக்கா நெல்லையப்பர் கோவிலுக்குக் கிளம்பினாள். கூட்டம் என்றேன். மழை என்றேன். வழுக்கும் என்றேன்.

"ஊசி போட்டாச்சுல்லா. பிறகென்ன உனக்கு?"

"ஊசி போட்டாலும் நூத்துக்கு நூறு இல்ல."

"அன்னைக்கு இதச் சொல்லலியே நீ. தெம்பா இருன்னு சொன்ன."

நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருக்கலாம்.

வாசல் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "இவளுக்கு என்னமோ ஆயிட்டு" என்றாள், யாரிடமோ பேசுவதுபோல. "பிள்ளத்தாச்சிய ஜெயில்ல போட்ட மாதிரி. நம்ம வீட்டுல யாரும் இப்படிக் கெடையாது."

நவம்பர் 13, வியாழன்

இசக்கியம்மாள் வரவில்லை. காய்ச்சலாம். அவள் மருமகள் பால் கொண்டுவந்தாள். தூக்கின் பிடியைச் சோப்பு போட்டுக் கழுவினேன். கதவுத் தாழ்ப்பாள். சுவிட்சுகள். அக்காவின் டம்ளரைத் தனியே வைத்தேன். எல்லாவற்றையும் கழுவியாகிவிட்டது. காற்று மிச்சம்.

நவம்பர் 16, ஞாயிறு

அடுத்த வீட்டு இருமல் சுவர் வழியாகக் கேட்கிறது. நேற்று ஒருவர். இன்று இரண்டு விதமான இருமல்.

நவம்பர் 18, செவ்வாய்

அப்பாவுக்குக் காய்ச்சல். நடைப்பயிற்சிக் கூட்டத்தில் நான்கு பேருக்கு இருக்கிறதாம். முன்னறையில் கட்டில் போட்டுக் கதவைச் சாத்தினேன்.

"வீட்டுக்காவலா?" என்றார் அப்பா. "தண்ணியாவது குடுப்பியா, இல்ல மனுப் போடணுமா?"

சிரித்தேன். தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அக்கா அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணி. ஒரு கையால் துணி, ஒரு கையால் தன் வயிறு.

"நீ வெளிய வா."

"நீ வெளிய போ" என்றாள். "உனக்குத் தொத்திக்கிடும். நான் ஊசி போட்டவ. இந்த வீட்டுலயே எனக்கு ஒருத்திக்குத்தான் பயம் இல்ல. நான் பாத்துக்கிடுதேன் அப்பாவ."

செம்பு என் கையில் இருந்தது. இடது கை. வலி போய்ப் பத்து நாளாகியிருந்தது.

"வெளிய போட்டி" என்றாள் மறுபடியும், அன்பாகத்தான். "நீ ஏற்கெனவே ஒல்லிக்குச்சி."

செம்பை அவள் கையில் கொடுத்தேன்.

நவம்பர் 19

அக்கா அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்தாள். நான் வாசல்படியிலேயே நின்றேன். அப்பா இருமும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

நவம்பர் 20, வியாழன்

அப்பாவுக்குச் சரியாகிவிட்டது. பேப்பர் கேட்டார்.

நவம்பர் 21, வெள்ளி

காலையில் அக்காவின் குரல் கம்மியிருந்தது. வெந்நீர் குடித்தாள். மத்தியானம் தலைவலி. மாலை ஆறு மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றொன்று.

ஆறு மணி என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 22, சனி

டாக்டரம்மா திங்கட்கிழமைதான் வருவாராம். இருந்தவர் ஒரு இளம் டாக்டர், தூங்கி நாளாயிருக்கும். வெளியே முப்பது பேர், எல்லோரும் இருமல். அக்காவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"ஃப்ளூ ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றாள் அம்மா, உடனே. "மூணாந்தேதியே போட்டாச்சு சார்."

"நல்லது. அப்போ பெரும்பாலும் சாதாரணச் சளிக் காய்ச்சலாத்தான் இருக்கும். பாரசிட்டமால் தர்றேன், நல்லா தண்ணி குடிங்க. திங்கக்கிழமை மேடத்தப் பாருங்க."

சீட்டில் எழுதினார். ஃப்ளூ ஊசி, போடப்பட்டது. பக்கத்தில் ஒரு சரி அடையாளம்.

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். என்னை முந்திக்கொண்டு அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். இது உண்மை. ஆனால் அவர் வந்ததும் நான் நகர்ந்து வழிவிட்டதும் உண்மை.

ஃப்ளூவுக்கு மாத்திரை இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் காத்திருக்காமல் கொடுக்கச் சொல்கிறார்கள். இதையும் படித்திருக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

காலை: நூற்றிரண்டரை. நிமிடத்துக்கு இருபத்தாறு மூச்சு. பிள்ளை அசைகிறது என்றாள்.

பதினொரு மணி: நூற்றுமூன்று. இருபத்தெட்டு.

ஒரு மணி: முப்பது. இரண்டு தலையணை வைத்து உட்காரவைத்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது. காலையிலிருந்து பிள்ளை எத்தனை தடவை அசைந்தது என்று கேட்டேன். யோசித்தாள். வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள்.

பிறகு அவளே பேசினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கினாள்.

"வடிவு. அந்த ஊசி போடாட்டி. இன்னும் மோசமா இருந்திருக்கும். இல்லியா?"

என்னிடம் ஒரு சொல் எப்போதும் தயாராக இருக்கும். அது நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லக்கா" என்றேன். "அது கெட்டுப்போன ஊசி. ஃப்ரீசர்ல வச்சு ஒறஞ்சுபோச்சு. சிஸ்டர் போடுததுக்கு ரெண்டு நாள் முன்னாலயே எனக்குத் தெரியும்."

அவள் புரிந்துகொள்ள நேரம் எடுத்தது. காய்ச்சலில் கண் பளபளவென்று இருந்தது. அம்மா வெந்நீர்ச் சட்டியோடு வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

நான் அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன், அக்காவின் ஆஸ்பத்திரிக் கோப்பின் அட்டையில் இருந்த எண்ணுக்கு. மூன்றாவது தடவை எடுத்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். ஃப்ரீசர், தேதிகள், அப்பாவின் காய்ச்சல், இன்றைய மூச்சு எண்ணிக்கை. அவர் ஏன் என்று கேட்கவில்லை.

"காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது? சரியா சொல்லு."

"வெள்ளிக்கிழமை ஆறு மணி. சாயந்தரம்."

"நாப்பத்தெட்டு மணி ஆகல இன்னும். மாத்திரை பேரு அனுப்புதேன், மொத ஒண்ண இப்பவே குடு. குடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. ஆக்ஸிஜன் பெட்டுக்குச் சொல்லி வைக்கேன். நானும் கெளம்பி வாரேன்."

போனை வைத்தேன்.

அம்மா சட்டியைத் தரையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. அலமாரியைத் திறந்து அக்காவின் துணிகளைப் பையில் எடுத்துவைக்க ஆரம்பித்தாள். எடுத்துவைத்துக்கொண்டே, "அந்த மேல் தட்டக் காட்டுனது நான்தான்" என்றாள். பிறகு, "ஆனா எனக்குத் தெரியாதுட்டி" என்றாள்.

அக்கா என் கையைத் தொட்டாள். சூடு.

"நீ போட்டுக்கிட்டியா?"

கேட்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. எல்லாக் கேள்விகளுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன், இது ஒன்றைத் தவிர.

"போட்டுக்கிட்டேன்."

"எப்பம்?"

"ஏழாந்தேதி."

அவள் கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது. அப்பாவின் அறைப் பக்கம் பார்த்தாள். கதவு திறந்திருந்தது, அப்பா நாற்காலியில் மடித்த பேப்பரோடு எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அப்பம் அப்பாட்ட நீ போயிருக்கலாம்லா" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மூன்று கடைகள் மூடியிருந்தன. நான்காவதில் மாத்திரை கிடைத்தது. நாலு பத்துக்கு வீடு வந்து, அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து அம்மா கையில் கொடுத்தேன். அம்மா அக்காவுக்குக் கொடுத்தாள். நேரத்தை அட்டையின் பின்னால் எழுதிவிட்டு, ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போனேன்.